சப்பாத்தியை விட்டால் சர்க்கரை குறையுமா?

தமிழ்நாட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்துவிட்டால், மாத்திரை வாங்கி வருவதற்கு முன்பே அந்த வீட்டின் இரவுச் சாப்பாடு மாறிவிடுகிறது. சோற்றுப் பானை ஓரங்கட்டப்படும், சப்பாத்திக் கட்டை வெளியே வரும். டாக்டர் சொல்லியிருப்பார். அவர் சொல்லாவிட்டாலும் எதிர்வீட்டுக்காரர் சொல்லியிருப்பார்: "ராத்திரி சோறு வேண்டாம், ரெண்டு சப்பாத்தியோட நிறுத்திக்குங்க." பல ஆண்டுகளாகக் கோதுமை இங்கே பாதி உணவு, பாதி மருந்து.

அமெரிக்காவில் கதை தலைகீழ். உடம்பு இளைக்க வேண்டும், சர்க்கரை ஏறக்கூடாது என்று நினைத்தவர்கள் அங்கே முதலில் வெளியே தள்ளியது கோதுமையைத்தான். அதில் இருக்கும் குளூட்டன் என்ற புரதமே தொப்பைக்கும் சர்க்கரைக்கும் மறதிக்கும் காரணம் என்று புத்தகங்கள் வந்தன, அமோகமாக விற்றன. இப்போது அந்தக் காற்று இங்கேயும் அடிக்கிறது. பெருநகர சூப்பர் மார்க்கெட்டுகளில் பிஸ்கட், நூடுல்ஸ், பாஸ்தா, மாவு எல்லாம் 'குளூட்டன் ஃப்ரீ' முத்திரையோடு நிற்கின்றன. பிறவியிலேயே குளூட்டன் இல்லாத தினைக்கும் சாமைக்கும்கூட அந்த முத்திரையைக் குத்திக் கூடுதல் மரியாதை சேர்க்கிறார்கள்.

ஆக, ஒரே வீட்டில் அப்பா சர்க்கரைக்குப் பயந்து சப்பாத்திக்கு மாறியிருப்பார். மகள் அதே சர்க்கரைக்குப் பயந்து சப்பாத்தியை விட்டிருப்பாள். யார் சொல்வது சரி? கடந்த சில ஆண்டுகளில் வந்த ஆய்வுகளைப் பார்த்தால், இரண்டு பேரும் தப்பான இடத்தில் தேடுகிறார்கள் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

பரோட்டா மாஸ்டரின் ரகசியம்

குளூட்டன் என்ன செய்யும் என்று பார்க்க ஆய்வகம் போக வேண்டாம், மாலை வேளையில் ஒரு பரோட்டாக் கடை வாசலில் நின்றால் போதும். மாஸ்டர் மைதா உருண்டையைத் தட்டி, கல்லில் அடித்து, காற்றில் வீசுகிறார். அது கிழியாமல் கண்ணாடித்தாளாக விரிகிறது. அரிசி மாவில் இந்த வித்தை நடக்காது. கோதுமையில் இருக்கும் கிளையடின், குளூட்டெனின் என்ற இரண்டு வகைப் புரதங்கள் தண்ணீர் பட்டுப் பிசையப்படும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இழுவைத்தன்மை தருகின்றன. அந்தப் பின்னல்தான் குளூட்டன். பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் இதன் உறவுக்காரப் புரதங்கள் உண்டு. அரிசி, சோளம், கம்பு, கேழ்வரகு, பருப்பு வகைகளில் கிடையாது.

100 கிராம் கோதுமை மாவில் புரதமே சுமார் 10 கிராம்தான். அதில் முக்கால் பங்குக்குமேல் குளூட்டன் என்று கணக்கிட்டால் 8 கிராம் தேறும். அதே 100 கிராமில் மாவுச்சத்து 60 கிராமுக்கும் அதிகம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரப்போகும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கோதுமையை விடுகிறவர் 8 கிராம் குளூட்டனை மட்டும் விடுவதில்லை, கூடவே 60 கிராம் மாவுச்சத்தையும் விடுகிறார். உடம்பில் ஏதாவது மாறினால் அந்தப் பெருமை யாருக்கு?

குளூட்டன் சிலருக்கு உண்மையிலேயே விஷம். சீலியாக் நோய் இருப்பவர்களின் எதிர்ப்புச் சக்தி குளூட்டனைக் கண்டதும் சொந்தக் குடலையே தாக்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற முளைகள் மழுங்கிப்போகின்றன. 1888இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ இந்த நோயை விவரித்தார், உணவில்தான் தீர்வு என்றும் ஊகித்தார். ஆனால் எந்த உணவு என்று அவருக்குப் பிடிபடவில்லை. 1920களில் சிட்னி ஹாஸ் என்ற அமெரிக்க மருத்துவர் குழந்தைகளுக்கு வாழைப்பழமாகக் கொடுத்துத் தேற்றினார். வாழைப்பழத்துக்கு மந்திர சக்தி என்று அவர் நம்பினார். உண்மையில் தட்டிலிருந்து ரொட்டி போனதுதான் காரணம். கோதுமையைக் கையும் களவுமாகப் பிடித்தவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1930களிலேயே அவருக்குச் சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் அந்த நாடு ரொட்டிக்கு வழியில்லாமல் பட்டினி கிடந்தது. அந்த அனுபவங்களையும் சேர்த்து 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அவர் ஆய்வேடு சமர்ப்பித்தார். அதன்பிறகு குளூட்டன் இல்லாத உணவே சீலியாக் நோய்க்கு மருந்தானது. இன்றுவரை வேறு மருந்து இல்லை.

உலக அளவில் நூற்றில் ஒருவருக்கு இந்த நோய். மற்ற 99 பேர் ஏன் இந்த மருந்தைச் சாப்பிட ஆரம்பித்தார்கள்?

டென்னிஸ் மைதானத்திலிருந்து சமையலறைக்கு

2010 ஆஸ்திரேலிய ஓபன் கால் இறுதியில் நோவக் ஜோகோவிச் துவண்டுபோய்த் தோற்றார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த இகோர் செட்டோயெவிச் என்ற செர்பிய மருத்துவர் பின்னர் அவரைச் சந்தித்து, ஒரு ரொட்டித் துண்டை வயிற்றின் மேல் வைத்துக்கொள்ளச் சொல்லி, நீட்டிய கையை அழுத்திப் பார்த்தார். ரொட்டி இருக்கும்போது கை வலுவிழந்ததாம். இது ஏற்கத்தக்க மருத்துவப் பரிசோதனையே இல்லை. மந்திரித்துத் தாயத்துக் கட்டுவதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. ஆனால் ஜோகோவிச் குளூட்டனை விட்டார். 2011இல் நான்கில் மூன்று கிராண்ட்ஸ்லாம் பட்டங்களை வென்றார். 2013இல் இதையெல்லாம் புத்தகமாகவும் எழுதினார். பெற்றோர் பீட்சா கடை நடத்திய பிள்ளை கோதுமையை விட்டு உலகின் முதல் இடத்துக்கு வந்தான் என்பதைவிட நல்ல விளம்பரம் எந்த நிறுவனத்துக்குக் கிடைக்கும்?

அதே 2011இல் அமெரிக்க இதய மருத்துவர் வில்லியம் டேவிஸ் எழுதிய, கோதுமையைத் தொப்பையோடு முடிச்சுப்போட்ட புத்தகம் வந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து நரம்பியல் மருத்துவர் டேவிட் பெர்ல்மட்டர் தானியத்தை மூளையோடு முடிச்சுப்போட்டார். விளைவு கணக்கெடுப்பிலேயே தெரிந்தது. அமெரிக்க அரசின் தேசியச் சுகாதார, ஊட்டச்சத்து ஆய்வின்படி 2009க்கும் 2014க்கும் இடையே சீலியாக் நோயாளிகளின் விகிதம் கூடவில்லை. ஆனால் நோய் இல்லாமலே குளூட்டனைத் தவிர்த்தவர்கள் 0.52 சதவீதத்திலிருந்து 1.69 சதவீதமானார்கள். ஐந்தாறு ஆண்டுகளில் மூன்று மடங்கு.

இப்படி விட்டவர்களின் உடம்பு என்ன சொன்னது? அதே கணக்கெடுப்பை வைத்து 2017இல் இன்னொரு ஆய்வு வெளியானது. சீலியாக் இல்லாத சுமார் 13,500 பேரில் 155 பேர் குளூட்டனைத் தவிர்த்து வந்தார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் அவர்களின் எடை குறைவு, இடுப்புச் சுற்றளவு குறைவு, நல்ல கொழுப்பு என்று சொல்லப்படும் ஹெச்டிஎல் சற்று அதிகம். ஒரு வருடத்தில் சராசரியாக ஒன்றேகால் கிலோ இளைத்ததாகவும் சொன்னார்கள். இதுவரை படித்தால் டேவிஸ் ஜெயித்துவிட்டார்.

அடுத்த பத்தியில்தான் சிக்கல். இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, ட்ரைகிளிசரைடு, ஹெச்டிஎல் ஆகிய ஐந்தில் மூன்று கெட்டிருந்தால் மருத்துவர்கள் அதை வளர்சிதை மாற்றக் கோளாறு என்கிறார்கள். மாரடைப்பும் சர்க்கரையும் ஏறி வருவதற்கான படிக்கட்டு அது. குளூட்டனைத் தவிர்த்தவர்களில் சுமார் 33 சதவீதம் பேருக்கு அது இருந்தது. தவிர்க்காதவர்களில் 38.5 சதவீதம். தவிர்த்தவர்களின் எண்ணிக்கை சிறியது என்பதால் இந்த இடைவெளியைப் புள்ளியியல் கணக்கில் வித்தியாசம் என்றே எடுத்துக்கொள்ள முடியாது. வருங்கால இதய நோய் அபாயத்திலும் உறுதியான மாற்றம் தென்படவில்லை.

ஒன்றேகால் கிலோ மட்டும் எப்படிக் குறைந்தது? குளூட்டனை விடுகிறவர் தேநீரோடு தின்ற பிஸ்கட்டை விடுகிறார். சமோசா, பப்ஸ், கேக், பீட்சா, பன் எல்லாம் போகின்றன. பாக்கெட்டின் பின்பக்கத்தை வாசிக்கப் பழகுகிறார், வெளியே சாப்பிடுவதைக் குறைக்கிறார். இத்தனையும் செய்தால் எடை குறையாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சோதித்தே பார்த்தார்கள்

'பழக்கம் மாறியதுதான் காரணம்' என்று வாயால் சொல்வது சுலபம். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் ஓலுஃப் பெடர்சன் குழுவினர் அதைச் சோதனையாகவே நடத்தினார்கள். நோய் எதுவும் இல்லாத 60 நடுத்தர வயது டேனிஷ்காரர்கள் 8 வாரம் ஒரு நாளைக்கு 2 கிராம் மட்டுமே குளூட்டன் உள்ள உணவையும், இன்னொரு 8 வாரம் 18 கிராம் குளூட்டன் உள்ள உணவையும் சாப்பிட்டார்கள். நார்ச்சத்தின் அளவு இரண்டிலும் ஒன்றுதான். 2018இல் முடிவு வெளியானது. குளூட்டன் குறைந்த வாரங்களில் வயிற்று உப்புசம் தணிந்தது, குடல் பாக்டீரியாக்களின் கலவை மாறியது, எடை முக்கால் கிலோ அளவுக்குக் குறைந்தது. இன்சுலின் வேலை செய்யும் விதத்தில் மாற்றம் இல்லை. கிடைத்த மாற்றங்களுக்கும் குளூட்டன் போனதைவிட, கோதுமை நாருக்குப் பதில் காய்கறி, பழுப்பரிசி, மக்காச்சோளம், ஓட்ஸ், கினோவா ஆகியவற்றின் நார் வந்ததே காரணமாக இருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

எதிர்த்தரப்பு வாதத்துக்கும் அடிப்படை இல்லாமல் இல்லை. பிரேசிலில் எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்து நடத்திய ஆய்வில், குளூட்டன் சேர்த்த எலிகளைவிடச் சேர்க்காத எலிகளின் உடம்பில் கொழுப்பும் வீக்கமும் குறைவாக இருந்தன. 2013இல் வந்த அந்த ஆய்வைத்தான் குளூட்டன் எதிர்ப்பாளர்கள் அடிக்கடி எடுத்து வைக்கிறார்கள். எலிக்குச் சரி. மனிதர்களிடம் அதே விளைவை உறுதியாகக் காட்டிய பெரிய சோதனை இன்னும் வரவில்லை.

சர்க்கரை ஏறும் வேகத்தைப் பற்றிய பழைய ஆய்வு ஒன்று இந்த விவாதங்களில் அபூர்வமாகத்தான் பேசப்படுகிறது. உணவுகளின் கிளைசெமிக் குறியீட்டை 1981இல் அறிமுகப்படுத்திய டொரண்டோ விஞ்ஞானி டேவிட் ஜென்கின்ஸ், 1987இல் குளூட்டன் நீக்கிய கோதுமை மாவில் ரொட்டி சுட்டுக் கொடுத்துப் பார்த்தார். ரத்தத்தில் சர்க்கரை சாதாரண ரொட்டியைவிட அதிகம் ஏறியது. மாவுச்சத்தைச் சுற்றியிருந்த புரதம் போனதும் செரிமானம் வேகமெடுத்துவிட்டது. இத்தாலியரின் ஸ்பகெட்டி மைதா ரொட்டியைவிட மெதுவாகச் சர்க்கரையை ஏற்றுவதற்கும் இந்தப் புரதப் பின்னல் ஒரு காரணம். மாவுச்சத்து அதற்குள் சிக்கி மெல்லக் கரைகிறது.

2008இல் வெளியான சர்வதேசக் குறியீட்டு அட்டவணையைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. குளூட்டன் உறவுக்காரப் புரதம் உள்ள பார்லிக்கு 28. குளூட்டன் நிறைந்த ஸ்பகெட்டிக்கு 49, சப்பாத்திக்கு 52. குளூட்டன் துளியும் இல்லாத வெள்ளைச் சோற்றுக்கு 73, அரிசிக் கஞ்சிக்கு 78. அதே குளூட்டன் உள்ள வெள்ளை ரொட்டிக்கு 75. எல்லாவற்றையும் ஒரு வரிசையில் நிறுத்தினால் குளூட்டன் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துச் சர்க்கரையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

முத்திரையின் விலை

பெரிய கூட்டங்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. அமெரிக்காவின் 64,714 பெண்களையும் 45,303 ஆண்களையும் 26 ஆண்டுகள் கவனித்ததில், மிக அதிகம் குளூட்டன் சாப்பிட்டவர்களுக்கும் மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்கும் இதய நோயில் வித்தியாசம் தெரியவில்லை. குளூட்டனுக்குப் பயந்து முழுத்தானியத்தைக் குறைத்தால் இதயத்துக்கு இழப்பாகலாம் என்று 2017இல் எச்சரித்தார்கள் ஆய்வாளர்கள். சர்க்கரை நோயைப் பார்த்த மற்றொரு ஆய்வில் ஏறத்தாழ 2 லட்சம் பேர். அதிகம் குளூட்டன் சாப்பிட்டவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 20 சதவீதம் குறைவு. உடனே குளூட்டன் மாத்திரை தேட வேண்டாம். குளூட்டனைக் குறைத்தவர்கள் தானிய நாரையும் சேர்த்துக் குறைத்திருந்தார்கள் என்பது அதே ஆய்வில் இருக்கிறது.

முத்திரை குத்திய பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். கோதுமையின் இழுவையை வேறு எதிலாவது கொண்டுவந்தாக வேண்டும். அரிசி மாவு, சோள மாவு, உருளைக்கிழங்கு மாவு, மரவள்ளி மாவு சேர்க்கிறார்கள். ஒட்டுவதற்கு சாந்தன் பசை, மென்மைக்கு எண்ணெய், ருசிக்குச் சர்க்கரை. மரவள்ளி மாவு வேறொன்றுமில்லை, சேலத்து ஜவ்வரிசியின் மூலப்பொருள்தான். சர்க்கரை நோயாளிக்கு யாரும் ஜவ்வரிசிப் பாயசத்தைப் பத்தியமாகக் கொடுப்பதில்லை. பிஸ்கட் வடிவத்தில் வந்தால் மட்டும் ஏன் பத்தியமாகிறது?

விலையும் லேசில்லை. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரக் கடைகளில் 56 பொருட்களை ஒப்பிட்ட 2008ஆம் ஆண்டு ஆய்வில், குளூட்டன் இல்லாத வகைகள் சராசரியாக 242 சதவீதம் விலை கூடுதலாக இருந்தன.

இத்தாலியின் நேபிள்ஸ் நகரிலிருந்து வந்த தகவல்தான் எல்லாவற்றிலும் உறுத்துவது. அங்கே 98 சீலியாக் நோயாளிகளை, இந்த உணவே மருந்தாக வேண்டியவர்களை, ஓராண்டு கவனித்தார்கள். நோய் தெரிந்தபோது அவர்களில் 2 பேருக்கு மட்டுமே வளர்சிதை மாற்றக் கோளாறு இருந்தது. குளூட்டன் இல்லாத உணவுக்கு மாறி 12 மாதம் கழித்து 29 பேருக்கு. குடல் ஆறி, சத்தை முன்னைவிட நன்றாக உறிஞ்சத் தொடங்கியது அதற்கு ஒரு காரணம். கொழுப்பும் மாவும் கூடிய மாற்றுப் பொருட்கள் இன்னொரு காரணமாகச் சுட்டப்படுகின்றன. நோயாளிக்கு வேறு வழியில்லை, அவர் அந்த அபாயத்தைச் சமாளித்துத்தான் ஆக வேண்டும். நோய் இல்லாதவர் விலைகொடுத்து அதை வாங்குவானேன்?

இன்னொரு கணக்கையும் போகிற போக்கில் சொல்லிவிடலாம். குளூட்டனைத் தவிர்த்த அமெரிக்கர்களின் சிறுநீரில் ஆர்சனிக் அளவு மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு இருந்ததாக 2017இல் ஓர் ஆய்வு கண்டது. நீர் நிற்கும் வயலில் விளையும் நெல் மண்ணிலிருக்கும் ஆர்சனிக்கை மற்றத் தானியங்களைவிட எளிதாக இழுத்துக்கொள்ளும். கோதுமையை விட்டவர்கள் பெரும்பாலும் அரிசி மாவுக்குத்தானே போகிறார்கள்.

ஏற்கெனவே நடந்துவிட்ட பரிசோதனை

குளூட்டனை விட்டால் சர்க்கரை வராது என்பது உண்மையானால், அதைப் பல தலைமுறைகளாக நிரூபித்திருக்க வேண்டியவர்கள் தமிழர்கள். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை. நாள் முழுக்கக் குளூட்டன் ஏறக்குறைய இல்லை. அமெரிக்கர் காசு கொடுத்து வாங்கும் உணவுமுறை இங்கே அம்மா வைக்கும் சாப்பாடு.

நடந்தது என்ன? சென்னையில் டாக்டர் வி. மோகன் தலைமையில் நகர மக்களிடையே நடந்த கியூர்ஸ் ஆய்வில் சுமார் 2,000 பேரின் சாப்பாட்டை அளந்தார்கள். தீட்டிய தானியம் ஒருவருக்கு நாளொன்றுக்கு சராசரி 333 கிராம். மொத்தக் கலோரியில் ஏறத்தாழ பாதி அதிலிருந்தே வந்தது. அந்தத் தீட்டிய தானியத்திலும் முக்கால் பங்கு வெள்ளையரிசி. அதிகம் சாப்பிட்ட கால்பகுதியினருக்கு வளர்சிதை மாற்றக் கோளாறு இருக்கும் வாய்ப்பு, குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல். பெரும்பாலும் குளூட்டன் இல்லாத அரிசியை வைத்தே இவ்வளவும்.

2020இல் வந்த பியூர் ஆய்வு 21 நாடுகளில் 1.32 லட்சம் பேரைப் பின்தொடர்ந்தது. நாளுக்கு 450 கிராமுக்குமேல் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை வரும் அபாயம் கூடியது. அந்த அபாயம் மிக அதிகமாகத் தெரிந்தது தெற்காசியாவில், 61 சதவீதம் கூடுதல்.

அப்படியானால் அப்பாவின் சப்பாத்திதான் சரியா? அங்கேயும் கைகொடுக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையத்தோடு சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் 2023 அறிக்கைப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். அரிசி தின்னும் புதுச்சேரியில் 26.3 சதவீதம், கேரளத்தில் 25.5 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். கோதுமை தின்னும் சண்டிகரிலும் 20.4 சதவீதம். வருமானம், நகர வாழ்க்கை, வயது என்று இந்த வித்தியாசங்களுக்குப் பல காரணம் உண்டு. ஆனாலும் கோதுமை ஒரு கவசமாக நின்றதாகத் தெரியவில்லை.

அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளியானபோது பலருக்கு அது பிடிக்கவில்லை. இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து, சர்க்கரை வகையிலிருந்தே வருகிறது. வெள்ளையரிசிக்குப் பதில் அரைத்த முழுக்கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்தால் மட்டும் சர்க்கரை அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மொத்த மாவுச்சத்தைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பால், முட்டை, மீன் போன்றவற்றின் புரதத்தைக் கொஞ்சம் வைத்தபோதுதான் கணக்கு மாறியது. கேழ்வரகு பக்தர்களுக்கும் இது கசப்பான செய்தி. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து அபாரம், நாரும் அரிசியைவிடப் பல மடங்கு. ஆனால் 100 கிராமில் சுமார் 67 கிராம் மாவுச்சத்துதான். அதை நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குடித்துவிட்டு, சிறுதானியம்தானே என்று இன்னொரு குவளை வாங்கினால் சர்க்கரை அளக்கும் கருவி ஏமாறாது.

சோற்றை என்ன செய்வது என்பதற்கும் சென்னையிலேயே ஒரு சிறிய சோதனை நடந்திருக்கிறது. எடை கூடிய 15 பேருக்கு வெள்ளையரிசி, பழுப்பரிசி, பருப்பு வகை சேர்த்த பழுப்பரிசி என்று மாற்றி மாற்றிக் கொடுத்து நாள் முழுவதும் சர்க்கரையை அளந்தார்கள். பழுப்பரிசியில் சுமார் 20 சதவீதம் குறைவாக ஏறியது. பருப்பு வகையும் சேர்ந்தபோது அதைவிடச் சற்றுக் குறைவு. 15 பேரை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஆனால் சோற்றைப் பாதியாக்கிப் பருப்பையும் கூட்டையும் கூட்டிக்கொள்வதற்கு, தனியாகக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

வயிறு பொய் சொல்லவில்லை

'அதெல்லாம் இருக்கட்டும், கோதுமையை விட்டபிறகு என் வயிறு லேசாக இருக்கிறதே' என்பவர்கள் ஏராளம். அவர்கள் கற்பனையில் பேசவில்லை. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிப்சன் குழுவினர் 2011இல் சீலியாக் இல்லாத, எரிச்சல் குடல் பிரச்சினை உள்ள 34 பேரை ஆராய்ந்து, குளூட்டன் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அறிவித்தார்கள். உலகம் கைதட்டியது. கிப்சன் குழு அதோடு நிற்காமல் இன்னும் கறாராக ஒரு சோதனையை 2013இல் நடத்தியது. குடலில் புளித்துக் காற்றை உண்டாக்கும் ஒருவகைச் சர்க்கரைப் பொருட்களை எல்லோர் உணவிலிருந்தும் முதலில் எடுத்துவிட்டு, பிறகு குளூட்டனை மட்டும் சேர்த்துப் பார்த்தது. இந்தமுறை குளூட்டன் மேல் குற்றம் நிற்கவில்லை. தன் முடிவைத் தானே புரட்டிப்போட்ட அந்தக் குழுவுக்குத்தான் உண்மையில் கைதட்டியிருக்க வேண்டும். ஆனால் இரண்டாவது ஆய்வுக்கு முதல் ஆய்வின் புகழ் கிடைக்கவில்லை.

2018இல் ஆஸ்லோவில் வேறொரு குழு விஷயத்தை இன்னும் நெருக்கிப் பிடித்தது. தாங்களாகவே குளூட்டனை விட்டிருந்த 59 பேருக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் தானிய பார் கொடுத்தார்கள். ஒருவாரம் குளூட்டன் வைத்தது, ஒருவாரம் ஃப்ரக்டான் என்ற சர்க்கரைப் பொருள் வைத்தது, ஒருவாரம் இரண்டும் இல்லாதது. வயிறு மிக மோசமானது 24 பேருக்கு ஃப்ரக்டானில், 22 பேருக்கு எதுவும் இல்லாத பாரில், 13 பேருக்கு மட்டுமே குளூட்டனில்.

ஃப்ரக்டான் கோதுமையில் இருக்கிறது, அதனால்தான் கோதுமையை விட்டால் வயிறு அடங்குகிறது. அது வெங்காயத்திலும் பூண்டிலும்கூட நிறைய உண்டு. சப்பாத்தியை விட்டுவிட்டுச் சின்ன வெங்காயச் சாம்பாரும் பூண்டுக் குழம்புமாக வெளுத்துக்கட்டுகிறவருக்கு உப்புசம் தீரவில்லை என்றால் வியப்பில்லை.

யார் கட்டாயம் விட வேண்டும்?

சீலியாக் நோயாளிகள் விட்டே ஆக வேண்டும், ஒரு துணுக்கும் கூடாது. இந்தியாவில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதைப் பற்றி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பி.எஸ். ராமகிருஷ்ணா, டெல்லி எய்ம்ஸின் கோவிந்த் மகாரியா ஆகியோர் நடத்திய ஆய்வு 2016இல் வெளிவந்தது. வடக்கு, வடகிழக்கு, தெற்கு என 23,331 பேருக்கு ரத்தப் பரிசோதனை. நோயின் அடையாளம் ரத்தத்தில் தெரிந்தவர்கள் வடக்கே 1.23 சதவீதம், வடகிழக்கே 0.87 சதவீதம், தெற்கே வெறும் 0.10 சதவீதம். நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணுக்கள் மூன்று இடத்திலும் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு, ஏறக்குறைய ஒரே அளவு. கோதுமைதான் வேறு. வடக்கே ஒருவருக்கு நாளொன்றுக்கு 455 கிராம், தெற்கே 25 கிராம். மரபணு இங்கேயும் காத்திருக்கிறது. பரோட்டாவும் இரவுச் சப்பாத்தியும் பெருகப் பெருகத் தென்னிந்திய மருத்துவர்கள் இந்த நோயைக் கூடுதலாகத் தேட வேண்டியிருக்கும்.

நோயாளிக்குத் தமிழ்ச் சமையல் வரப்பிரசாதம்தான், ஆனால் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது சகஜம். டப்பாவின் பின்னால் எழுதியிருக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குமேல் குளூட்டன் இருந்தால் 'குளூட்டன் இல்லாதது' என்று எழுதக்கூடாது. ஆகவே அவருக்கு அந்த முத்திரை விளம்பரமில்லை, உயிர்க் காப்பு.

நீண்டநாள் வயிற்றுப்போக்கு, மாத்திரைக்கும் ஏறாத ரத்தசோகை, காரணமில்லாமல் இளைப்பது, வளராத குழந்தை, முதல்வகைச் சர்க்கரை நோய் ஆகியவை இருப்பவர்கள் டிடிஜி எனப்படும் ரத்தப் பரிசோதனையைக் கேட்டு எடுத்துக்கொள்வது நல்லது. கோதுமையை விடுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் சில மாதங்களில் ரத்தத்தில் அந்த அடையாளம் மறையத் தொடங்கி, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். அப்புறம் கண்டுபிடிக்க, தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளை குளூட்டன் உள்ள உணவை ஆறு வாரமாவது சாப்பிட்டுவிட்டுப் பரிசோதனைக்கு வரும்படி பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி சொல்கிறது. ஒத்துக்கொள்ளாத குடலோடு ஆறு வாரம் தினமும் சப்பாத்தி.